வெளிவராத விளையாட்டும் காலமான உதவியாளரும்

1

வாசிகசாலை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு எங்கள் ஊர் முரசுமோட்டையிலிருந்து நீங்கள் கடிதம் போட்டது என் கணவருக்குத்தான். 'புலம்பெயர்ந்த மண்ணில் எமது சாதனைகள்' என்று தலைப்பையும் நீங்களே தந்திருந்தீர்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, 'சாதனைகள்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். அந்தக் கோட்டோடு மூன்று கிழமை போய்விட்டது. இப்போது அவருக்கு நேரமில்லை. வெள்ளைக்காரருக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே நான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். படம் கட்டாயம் வேண்டாம்.

இந்தத் தையோடு நாங்கள் லண்டனுக்கு வந்து இருபத்தைந்து வருடம். அவர் பெற்றோல் ஷெட்டில் நின்றார். நான் ஒரு பள்ளிக்கூடத்துக் குசினியில் பாத்திரம் கழுவினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் அந்தக் குசினிக்குள் படித்தது. சூடு, ஈரம், விலகு. பால் போத்தலில் திகதி பார்த்துப் பார்த்து 'எக்ஸ்பயர்' என்ற சொல்லும் பாடமாகிவிட்டது.

ஒரே மகன். கணினி வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று "எல்லாம் ஓகேயா?" என்பான். ஓகே என்றால் போய்விடுவான். ஓகே இல்லை என்றால் போய், அதைப் பற்றி வாசிக்கச் சொல்லி ஓர் இணையத்தள முகவரி அனுப்புவான்.

என் கணவருக்கு எழுபத்தாறு வயது. அவருக்கு ஓர் ஆசைதான் மிச்சம். தான் ஒரு காலத்தில் கணினி விளையாட்டு ஒன்று செய்தவர் என்பதை இந்த மகன் நம்ப வேண்டும். நம்பினால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும்.

"அப்பா, அப்ப அங்க கறண்டே இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்பான் மகன்.

அதற்கு அவர் ரீவிச் செய்தியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். பதில் எனக்குத் தெரியும். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

2

பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், சந்தியில் அவருக்கு றேடியோ திருத்தும் கடை இருந்தது. லண்டனில் இருந்த அவருடைய தமையன் ஒருமுறை வந்தபோது, தன் பிள்ளைகள் விளையாடிக் கழித்த கணினி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போதைய கணினி போல நினைக்காதீர்கள். கறுப்பாக, ஒரு தடித்த கொப்பி அளவு. எழுத்துக் கட்டைகள் ரப்பர். சின்ன ரீவி ஒன்றில் கொழுவிப் பார்க்க வேண்டும். செய்த வேலையைச் சேமிக்கப் பாட்டுக் கேட்கிற அதே கசற்தான். கசற்றில் பதியாமல் நிறுத்தினால் எல்லாம் அழிந்துவிடும். அந்தக் கசற்றை ரேப்றெக்கோடரில் போட்டுக் கேட்டால் கீச்சென்று ஒரு சத்தம். எங்களுக்குக் காது வலிக்கும், கணினிக்கு அது விளங்கும்.

பிறகு சண்டையில் கறண்ட் போனது. பற்றறியும் வன்னிக்குள் வரத் தடை. அவர் றேடியோக்களைத் திருத்தினார், திருத்தியதைப் போட்டுப் பார்க்க வழியில்லை. ஆகவே வாடிக்கையாளர் தொல்லை இல்லை. அந்த நேரத்தில்தான் விளையாட்டைச் செய்தார்.

பெயர் 'தண்ணி'. இரணைமடுக் குளத்தின் கதவு திறந்ததும் வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இடையில் எருமை வந்து வரம்பை உடைக்கும். மேல்வயல்காரன் மண்வெட்டியோடு வந்து தன் பக்கம் வெட்டிவிடுவான். நீர்ப்பாசன ஓவசியர் வந்தால் வேலையை விட்டு வணக்கம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவர் கதவைப் பூட்டிவிடுவார். இதை அவர் விளையாட்டு என்றார். எங்கள் ஊரில் விவசாயம் என்பார்கள்.

கணினிக்கும் ரீவிக்கும் உழவு மிசின் பற்றறி ஒன்றை இரவல் வாங்கினார். ரேப்றெக்கோடரையும் அதிலேயே கொழுவினால் கணினி மயங்கிவிடும். ஆகவே ரேப்றெக்கோடருக்குச் சைக்கிள். பின்சில்லு நிலத்தில் முட்டாமல் ஸ்ராண்டில் நிறுத்தி டைனமோவிலிருந்து வயர் இழுத்தார். உழக்க ஓர் ஆள் வேண்டும். அவருக்கு விரலில் வேலை. எனக்குக் காலில்.

மாமி கிணற்றடியிலிருந்து வாளியோடு வருவா.

"எங்கயடி பிள்ளை போறாய்?"

"ஒரு இடமும் இல்லை மாமி."

"ஒரு இடமும் போகாததுக்கே இவ்வளவு அவசரம்? ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்? சீலையை இழுத்து விடு."

இவர் உள்ளே இருந்து கத்துவார். "இஞ்சாரும்! ஒரே சீராய் உழக்கும். கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை."

"எப்பிடிச் சீராய் உழக்கிறது?"

"எண்ணிக்கொண்டு உழக்கும்."

சும்மா எண்ணினால் நூறுக்கு மேலே எங்கே நிற்கிறேன் என்று மறந்துவிடும். ஆகவே வாய்க்குள்ளே வாய்ப்பாடு சொன்னேன், ஒரு வரிக்கு இரண்டு சுற்று. இரண்டாம் வாய்ப்பாட்டில் தொடங்கினால் பன்னிரண்டாம் வாய்ப்பாடு முடியப் பதிவும் முடியும். எல்லாம் நன்றாகப் போகும், ஏழாம் வாய்ப்பாட்டைத் தவிர. அது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே வராது. ஏழெட்டில் நின்று யோசிக்க, கால் தளர்ந்துவிடும். பத்தாம் வாய்ப்பாட்டில் பறப்பேன். இதை அவருக்குச் சொல்லவில்லை. வெட்கம்.

பதிந்து முடிந்ததும், நான் மறுபடி உழக்க, கசற்றைப் போட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் விளையாட்டு ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

லண்டனில் விளையாட்டு விற்கும் கம்பனி ஒன்றுக்கு அதை அனுப்பத் தீர்மானித்தார். 'மின்னணு ஆய்வுகூடம், முரசுமோட்டை' என்று கடிதத் தலைப்பு அச்சடித்து, தன் பெயருக்குக் கீழே பணிப்பாளர் என்று போட்டார். 'நானும் என் தொழில்நுட்ப உதவியாளரும்' என்று ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டினார்.

"ஆரது உதவியாளர்?"

"நீர்தான்."

"பின்ன ஏன் பேர் போடேல்லை?"

"மனிசி சைக்கிள் உழக்கிறா எண்டு எழுதினால் ஆய்வுகூடம் எண்டு மதிப்பாங்களே?"

கொழும்புக்குப் போன ஒருவர் கசற்றையும் கடிதத்தையும் ஓமந்தை தாண்டிக் கொண்டுபோய்த் தபாலில் போட்டார். வழியில் ஆமிக்காரர் கசற்றைப் போட்டுக் கேட்டார்களாம். கீச்சென்றதும் காதைப் பொத்திக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்களாம்.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் கசற் கணினியில் ஏறவில்லை, வேறொன்று அனுப்பவும், விவசாயிக்குப் பதிலாக விண்வெளி வீரன் ஒருவனைப் போட முடியுமா.

"ஆமிக்காரன் கெடுத்துப்போட்டான்!" என்று அவர் சந்தி கேட்கக் கத்தினார். வேறொன்று பதிய முதல் உழவு மிசின்காரர் பற்றறியைத் திருப்பிக் கேட்டுவிட்டார். பிறகு குண்டு விழுந்து ஊரே எழும்பி ஓடியது. கணினியையும் மிச்சக் கசற்றுகளையும் வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் குழி வெட்டித் தாட்டுவிட்டு மல்லாவிக்குப் போனோம். தாட்ட இடத்தைக் காட்ட அங்கே இப்போது வீடும் இல்லை, கோடியும் இல்லை.

3

இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது தொழில் என்ன என்று கேட்டார்கள். அவர் உள்ளதைச் சொன்னார். மறுமொழி பல பக்கத்தில் வந்தது. மொழிபெயர்த்தவர் ஒரு பந்தியை இரண்டு தரம் வாசித்தார். விண்ணப்பதாரர் தன் ஊரில் மின்சாரம் இல்லை என்கிறார், அதே ஊரில் கணினி விளையாட்டுச் செய்ததாகவும் சொல்கிறார், இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது, ஆகவே குண்டு விழுந்தது என்று அவர் சொல்வதையும் நம்புவதற்கில்லை.

சட்டத்தரணி தமிழர்தான். "ஐயா, கணினியை விடுங்கோ. குண்டை மட்டும் வைச்சிருப்பம்," என்றார்.

"நான் பொய் சொல்லேல்லைத் தம்பி."

"ஓம் ஐயா. ஆனா நம்பக்கூடியதாய் உண்மை சொல்லோணும்."

அப்பீலில் அவர் வெறும் கடைக்காரர் ஆனார். விசா கிடைத்தது. சைக்கிளைச் சொல்லியிருந்தால் இரண்டும் ஒருசேர உண்மை என்று விளங்கியிருக்கும். நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். மகனுக்குச் சொல்லாததும் அதனால்தான். ஆய்வுகூடத்துக்குப் பணிப்பாளராக இருந்தவர், மனைவியின் காலில் ஓடிய ரேப்றெக்கோடருக்குச் சொந்தக்காரராக இறங்கி வர மாட்டார்.

4

போன வருடம் கிரஹாம் என்று ஒருவர் ஆங்கிலத்தில் தொலைபேசி எடுத்தார். அந்தக் கம்பனி எப்போதோ மூடியாயிற்றாம். அதில் வேலை செய்த ஒருவர் செத்து, அவருடைய வீட்டுப் பரணில் இருந்த பெட்டி ஒரு சங்கத்துக்குப் போயிருக்கிறது. பழைய கணினிகளுக்காகச் செய்து, கடைக்கே வராமல் போன விளையாட்டுகளைத் தேடிப் பாதுகாக்கும் சங்கம். விற்ற விளையாட்டுகளை வாங்கியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், விற்காததைப் பார்க்க ஆள் வேண்டும் அல்லவா. பெட்டிக்குள் எங்கள் கசற்றும் கடிதமும் இருந்தன. எங்கள் பெயர் நீளமானதால் தேடிப்பிடிப்பது சுலபமாக இருந்ததாம்.

கிரஹாமும் ஒரு தாடிக்காரரும் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் அறுபது வயது இருக்கும். எங்களை யாரோ ஏமாற்ற வருகிறார்கள் என்று நினைத்து மகன் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தான். கிரஹாம் வெள்ளைக் கையுறை போட்டு ஒரு பெட்டியைத் திறந்தார். அதற்குள் இன்னொரு பெட்டி. அதற்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு எங்கள் கசற். எங்கள் காணி உறுதி மல்லாவி மழையில் கரைந்துபோனது. பிறப்புச் சாட்சிப்பத்திரம் எடுக்க எத்தனை தரம் அலைந்தோம். கசற்றுக்குத் தனி இலக்கமும் ஒரு பைலும் இருந்தன.

அகதி விசாரணையில் கேட்ட அதே கேள்விகளைத்தான் கிரஹாமும் கேட்டார். எந்த ஊர், எந்த வருடம், யார் சாட்சி. வித்தியாசம், இவர் ஒவ்வொரு பதிலுக்கும் 'அற்புதம்' என்றார். அவர் சொன்னதை மகன் எனக்குத் தமிழில் சொன்னான். கசற் இன்னும் கணினியில் ஏறவில்லையாம். வேகம் கூடிக் குறைகிறதாம். திருடிப் பிரதி எடுக்காமல் இருக்க இலங்கையில் கண்டுபிடித்த இரகசியப் பூட்டாக அது இருக்கலாம் என்று சங்கத்தின் சஞ்சிகையில் தாடிக்காரர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறாராம்.

என் கணவர் தலையாட்டினார். "யேஸ். வெரி சீக்ரெட்."

அந்தப் பூட்டை எப்படித் திறப்பது என்று கேட்டார்கள். இவர் மறந்துவிட்டது என்றார். அப்படியென்றால் கடிதத்தில் இருக்கும் தொழில்நுட்ப உதவியாளரையாவது கேட்கலாமா, அவர் எங்கே என்று கிரஹாம் கேட்டார்.

நான் அப்போதுதான் தேத்தண்ணித் தட்டோடு வந்தேன். என் கணவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"எக்ஸ்பயர்ட்."

கிரஹாம் கையுறையைக் கழற்றி நெஞ்சில் கைவைத்தார். தாடிக்காரர் தலையைக் குனிந்தார். பால் போத்தலில் படித்த சொல் என் தலையில் வந்து விழும் என்று நான் நினைக்கவில்லை. செத்துப்போன நான் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். சீனி எத்தனை என்றும் கேட்டேன்.

5

தட்டை எடுக்கக் குனிந்தபோது கிரஹாமின் மடிக்கணினியைப் பார்த்தேன். கசற்றின் வேகத்தை ஒரு கோடாக வரைந்து வைத்திருந்தார்கள். மேலும் கீழுமாகச் சின்னச் சின்ன மேடு பள்ளம். சரி நடுவில் ஒரு பெரிய பள்ளம். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய மேடு.

இரண்டு தொடக்கம் பன்னிரண்டு வரை எண்ணிப் பாருங்கள். சரி நடுவில் எது வரும் என்று.

குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நான் தளர்ந்த இடத்தில் கசற் மெதுவாகப் பதிந்திருக்கிறது. திரும்பப் போட்டுப் பார்த்தபோதும் உழக்கியது நான்தான், அதே வாய்ப்பாடு, அதே இடத்தில் தளர்ச்சி. பிழையும் பிழையும் பொருந்தி விளையாட்டு ஒழுங்காக வந்திருக்கிறது. லண்டனில் சீராக ஓடும் மெசினில் போட்டால் எப்படி ஏறும்? இத்தனை வருடமும் ஆமிக்காரன் தலையில் போட்ட பழி என் காலுக்குரியது.

சொன்னால் அவருடைய ஆய்வுகூடம் போய்விடும். சொல்லாவிட்டால் விளையாட்டுப் போய்விடும். மகன் அரைநாள் லீவோடு எழும்பிப் போய்விடுவான், இனிக் கேட்கவும் மாட்டான்.

"தம்பி, இஞ்ச ஒருக்கா வா."

வந்தான்.

"அந்த உதவியாளர் நான்தான். சைக்கிள் உழக்கினது நான்."

"அப்பா ஆள் செத்திட்டார் எண்டல்லோ சொன்னவர்?"

"எனக்கும் இப்பதான் தெரியும்."

சைக்கிளைச் சொன்னேன். வாய்ப்பாட்டைச் சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "கறண்ட் இல்லை... சைக்கிள்..." என்று தனக்குள்ளே கணக்குப் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

என் கணவருக்கு விளங்கிவிட்டது. "நீர் குசினியைப் பாரும்," என்றார்.

"இஞ்சேருங்கோ. கசற் ஏறாததுக்குக் காரணம் என்ர கால். சொல்லத்தான் போறன்."

"ஆய்வுகூடம் எண்டு எழுதிப்போட்டன். சைக்கிள் எண்டால் இவங்கள் சிரிப்பாங்கள்."

"உங்களுக்கு ஆய்வுகூடம் வேணுமோ, விளையாட்டு வேணுமோ?"

பிற மனிதருக்கு முன்னால் அவரிடம் நான் இப்படிக் கேட்டதில்லை. அவர் கதிரையின் கையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு மகனைப் பார்த்துக் கையை அசைத்தார், சொல்லு என்று.

மகன் சொன்னான். கிரஹாம் எழும்பி நின்றார், செத்தவர் உயிரோடு வந்தால் வேறென்ன செய்வது. "எக்ஸ்பயர் எண்டு நான் சொன்னது றிட்டையர் எண்ட கருத்தில," என்று என் கணவர் விளக்கம் கொடுத்தார். ஆறு பக்கம் எழுதிய தாடிக்காரர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எழுதினார்கள். சைக்கிள் எந்த நாட்டுத் தயாரிப்பு, டைனமோ எந்தப் பக்கம், நான் அப்போது என்ன நிறை, செருப்பா வெறுங்காலா. வெறுங்கால் என்றதற்கும் 'அற்புதம்' என்றார் கிரஹாம். அவர்களுடைய முகத்தைப் பார்த்த என் கணவர் எழும்பி டைனமோவைப் படம் வரைந்து விளக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் சைக்கிள் அவருடைய கண்டுபிடிப்பாகிவிட்டது. இப்போது கொடுக்கும் பேட்டியெல்லாம் அதைப் பற்றித்தான்.

6

எந்த வரியில் எவ்வளவு தளர்ந்தேன் என்று தெரிந்தால், கணினிக்கு அதைச் சொல்லிக்கொடுத்துக் கசற்றை நேராக்கலாமாம். ஆகவே நான் அன்று போலவே காலை அசைத்து, வாய்ப்பாட்டை இந்த முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் பதிவார்கள்.

எங்கேயும் கடைசி வரிசையிலேயே இருந்து பழகிய எனக்கு நடுவில் கதிரை போட்டார்கள். எதிரில் இரண்டு வெள்ளைக்காரர், கொப்பியும் பேனையுமாக. கண்ணை மூடிக்கொண்டு ஈரிரண்டு நாலு என்று தொடங்கினேன். கால் காற்றில் உழக்கியது. முழங்கால் நொந்தது. ஐந்தாம் வாய்ப்பாட்டுக்கு வரும்போது வெட்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. ஆறு முடிந்தது. ஏழு வந்தது.

"ஏழேழு நாற்பத்தொன்பது. ஏழெட்டு..."

நின்றேன். கால் தளர்ந்தது.

மகனுக்குப் பொறுக்கவில்லை. மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

"டேய், வாயைப் பொத்து!" என்றார் என் கணவர், பல்லுக்குள்ளால். "சொல்லிக் குடுத்துக் கெடுத்துப்போடாதை. அவ தடுமாறோணும். அதிலதான் விளையாட்டு இருக்கு."

தடுமாறினேன். பிறகு மிச்சத்தைச் சொன்னேன். பத்தாம் வாய்ப்பாட்டில் கிரஹாமின் பேனை எனக்குப் பின்னால் ஓடி வந்தது.

இரண்டு கிழமை கழித்து, நேராக்கிய கசற்றோடும் அதே மாதிரி ரப்பர் கட்டைக் கணினியோடும் வந்தார்கள். கீச்சென்ற சத்தம் எங்கள் லண்டன் வீட்டுக்குள் ஐந்து நிமிடம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டினா. பிறகு சத்தம் நின்று, ரீவியில் 'தண்ணி' என்று புள்ளி புள்ளியாக எழுத்து வந்தது. கீழே வாய்க்கால், நீலமாக.

மகன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தான். எருமையைத் துரத்தினான். மேல்வயல்காரனை மறித்தான். ஓவசியர் வந்தார்.

"வணக்கம் சொல்லடா! வணக்கம் சொல்லு!" என்று என் கணவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"எந்தக் கட்டை அப்பா?"

அவருக்கு மறந்துபோயிருந்தது. இருவரும் ஒவ்வொரு கட்டையாக அமத்திப் பார்ப்பதற்குள் ஓவசியர் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். வயல் காய்ந்தது. "திரும்பப் போடுங்கோ அப்பா," என்றான் மகன். அவன் குரலில் அப்படி ஓர் ஆவலை நான் பல வருடமாகக் கேட்கவில்லை. அன்று அவன் ஓகேயா என்று கேட்காமலே பொழுதுபடும்வரை இருந்தான்.

அவர்கள் விளையாடிக்கொண்டிருக்க, என் கணவர் ஒருமுறை என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"இஞ்சாரும். இனி உமக்குச் சொல்லலாம். ஏழெட்டு ஐம்பத்தாறு."

"அப்பிடியோ," என்றேன்.

மல்லாவியில் இந்த மகனுக்கு மரத்துக்குக் கீழே இருத்தி வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது நான். ஏழாம் வாய்ப்பாடு அப்போதே எனக்குப் பாடமாகிவிட்டது. கிரஹாமுக்கு முன்னால் ஐம்பத்தாறு நாக்கு நுனியில் வந்து நிற்க, பல்லைக் கடித்துக்கொண்டு, பழைய கால் எவ்வளவு நேரம் தளர்ந்ததோ அவ்வளவு நேரமும் தெரியாதவளாக இருந்தேன். உழக்கியதைவிட அதுதான் கஷ்டம். அவரிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பணிப்பாளருக்குச் சொல்ல வேண்டும் என்று உதவியாளருக்கு ஒரு கட்டாயமும் இல்லை.